நாலு சில்லுக்குப் பின்னால் இரண்டு சில்லு

மகளின் குடும்பத்துடன் சில மாதங்கள் தங்குவதற்காக மெல்பேர்ன் நகருக்கு வந்து சேரும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர்களுக்கு இங்கு வேலை அதிகம் இருப்பதில்லை. காலையில் பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வது, மாலையில் அழைத்து வருவது, இடைநேரத்தில் இணையத்தில் கொழும்புப் பத்திரிகைகளை மேய்வது. இவ்வளவுதான். ஆனால் இம்முறை மருமகன் எனக்கு ஒரு பொறுப்பைத் தந்தார். வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரச் சிற்றேடுகள் ஒரு கட்டு. "மாமா, இவற்றை ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ. எழுத்துக்குள்ளே எங்கே புளுகு இருக்கிறது என்று உங்களுக்குத்தான் கெதியாகத் தெரியும்" என்றார்.

நான் 1974 இல் ஒரு தமிழ் நாளிதழில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, பின்னர் நிருபராகி, செய்தி ஆசிரியராக ஓய்வு பெற்றவன். எந்தப் பக்கத்தையும் கீழே இருக்கும் சிறிய எழுத்திலிருந்து மேல்நோக்கி வாசிப்பது அன்று தொட்டு வந்த பழக்கம். அந்தப் பழக்கத்துடன்தான் இந்தச் சிற்றேடுகளையும் கையில் எடுத்தேன்.

விடயம் இதுதான். மருமகனிடம் ஏழு பேர் அமரக்கூடிய பழைய டீசல் வாகனம் ஒன்று இருக்கிறது. நான்கு சில்லுகளும் இயங்கும் வகை. அதன் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லக்கூடிய, விரித்தால் கூடாரமும் கட்டிலும் குசினியுமாக மாறும் ஒரு ட்ரெயிலரை வாங்க வேண்டும். அது கரடுமுரடான பாதையையும் தாங்க வேண்டும். விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்ட வேண்டும். வருகின்ற செப்டெம்பர் பாடசாலை விடுமுறைக்குத் தென் அவுஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குச் சென்று, இயலுமானால் அதற்கும் வடக்கே ஊட்னடாட்டா பாதையின் ஒரு பகுதியையும் பார்த்து வருவது அவருடைய திட்டம்.

எங்கள் இலங்கையைப் போல நூற்றுப் பதினேழு இலங்கைகளை உள்ளே வைக்கக்கூடிய தேசம் அவுஸ்திரேலியா. கரையோர நகரங்களைத் தாண்டி உள்ளே போகப்போகத் தார் வீதி முடிந்து செம்மண் பாதை தொடங்கிவிடும். ஊட்னடாட்டா பாதை மட்டும் மரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை அறுநூறு கிலோமீற்றருக்கும் மேல். 1980 இல் கைவிடப்பட்ட பழைய 'கான்' ரயில் தடத்தை ஒட்டியே அது பெரும்பாலும் செல்கிறது. அந்த ரயிலுக்கும் முன்னர், 'ஆப்கானியர்' என்று பொதுவாக அழைக்கப்பட்ட, ஆனால் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்களே அந்தப் பாலைவனத்தில் பொதி சுமந்து திரிந்தார்கள். ஒவ்வோர் ஒட்டகத்துக்கும் எவ்வளவு ஏற்றலாம், அதை இரு பக்கமும் எப்படிச் சமன் செய்வது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிறையைப் பற்றி நான் பின்னர் எழுதப் போவதை வாசிக்கும்போது அந்த ஒட்டகக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருமகனுக்கு விருப்பம். பதினொரு வயதுப் பேரனுக்கும் எட்டு வயதுப் பேத்திக்கும் அதைவிட விருப்பம். மகளுக்கு மட்டும் விருப்பமில்லை.

காரணத்தை அவள் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவுமில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. நான் கொழும்பில் ஆசிரிய பீடத்தில் இருந்தேன். மனைவியும் மகளும் அந்தச் சனத்திரளுக்குள் மழையில் நனைந்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். இடையில் யாரோ ஒரு புண்ணியவான் தன் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு மேல் பிள்ளையை ஏற்றிவிட்டிருக்கிறார். கொடிகாமத்தில் ஒரு வளவுக்குள் தறப்பாளின் கீழ் அவர்கள் பல வாரங்கள் இருந்தார்கள். உலகத்தின் பிற பிள்ளைகளுக்குக் கூடாரம் என்றால் விளையாட்டு. எங்கள் பிள்ளைகளுக்கு அது வேறு ஒன்று. தமிழில் 'முகாம்' என்ற சொல்லை நாங்கள் எந்தெந்தப் பொருளில் தலைப்புகளில் போட்டோம் என்பதை என் தலைமுறைப் பத்திரிகைக்காரர்கள் அறிவார்கள்.

ஆகவே மருமகன் விலையையும் படத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் மகளிடம் வேறு விதமாகக் கேட்டேன். "போகத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள், பிள்ளை. அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தால் உனக்குப் பயமில்லாமல் நித்திரை வரும்?"

அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு நான்கு விடயங்களைச் சொன்னாள். படுக்கை நிலத்தில் இருக்கக் கூடாது, நிலமும் ஈரமாகக் கூடாது. உள்ளிருந்து பூட்டக்கூடிய வாசல் வேண்டும். மழை பெய்தால் ஒழுகக் கூடாது. நாலாவதாகச் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "அப்பா, ஏதும் என்றால் நான் தனி ஆளாக அதை மடித்துக் கட்டிப் பிள்ளைகளோடு வெளிக்கிட முடியவேண்டும்."

அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மருமகனிடம் கொடுத்தேன். கடைக்காரர்கள் தந்த எந்தப் பட்டியலையும்விட அது திருத்தமான பட்டியல் என்பது பிறகு தெரியவந்தது.

முதலில் வகைகளைப் பார்ப்போம். மிகவும் மலிவானதும் இலேசானதும் மென்தரை வகை. பெட்டியின் மேல் கட்டில் இருக்கும், கூடாரத்தின் மீதிப் பகுதி நிலத்தில் விரிக்கும் தடித்த விரிப்பின் மேல் நிற்கும். இடம் நிறையக் கிடைக்கும். ஆனால் முளை அடித்துக் கம்பு நட்டு எழுப்ப நேரமாகும், மழை நாளில் விரிப்பெல்லாம் சேறாகும். இரண்டாவது வன்தரை வகை. பெட்டியின் மூடியே பின்பக்கமாகத் திரும்பி விழுந்து தரையாகிவிடும். கூடாரம் அதனுடனேயே எழும். மூன்றாவது முன்பக்கமாகத் திறப்பது. மூடி முன்னால் இழுகோலின் மேல் விரிந்து கட்டிலைத் தாங்கும். உள்ளே இருக்கை வசதியும் வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பாரம் கூடியது. நான்காவது கலப்பு வகை. கெட்டியான சுவரும் கூரையும் கொண்ட சிறிய கரவன் என்று சொல்லலாம். அதன் விலையைப் பார்த்தவுடன் மருமகன் அந்தச் சிற்றேட்டை மூடிவிட்டார்.

மென்தரை வகை மகளின் முதலாவது நிபந்தனையிலேயே அடிபட்டுப் போனது. மிஞ்சியவை இரண்டு. முன்பக்கமாகத் திறப்பது, பின்பக்கமாகத் திறப்பது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். எல்லாச் சிற்றேடுகளிலும் பெரிய எழுத்தில் இருந்த சொல் 'ஓஃப் ரோட்'. வீதி அற்ற இடத்திலும் ஓடும் என்பது பொருள். ஆனால் ஒரு ட்ரெயிலரின் மேல் அந்தச் சொல்லை எழுதுவதற்கு அது இன்ன பரீட்சையில் தேறியிருக்க வேண்டும் என்று பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. தயாரிப்பவர் என்ன பொருளில் எழுதினாரோ அதுதான் பொருள். அந்தப் பொருளை அறிய உத்தரவாதப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு விற்பனை நிலையத்தின் சிற்றேட்டில் ட்ரெயிலர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அதே ட்ரெயிலரின் உத்தரவாதப் பத்திரத்திலோ, நீரில் இறக்கியதால் வரும் பழுதுக்கும் செப்பனிடாத பாதையில் ஓடியதால் வரும் பழுதுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்றிருந்தது. விற்பனையாளரிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "படம் ஓர் உதாரணத்துக்குத்தான் ஐயா" என்ற கருத்தில் ஏதோ சொன்னார். நல்ல மனிதர். ஆனால் நாங்கள் அங்கே வாங்கவில்லை.

அடுத்தது நிறை. வாங்குபவர்களில் அநேகர் விலையைக் கேட்கிறார்கள், நீளத்தைக் கேட்கிறார்கள், எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்கிறார்கள். நிறையைக் கேட்பவர் குறைவு. ஆனால் பாதையில் உயிரைக் காப்பதும் எடுப்பதும் அதுதான்.

இங்கே ஒவ்வொரு ட்ரெயிலரிலும் ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதில் 'ஏ.ரி.எம்.' என்று ஓர் எண் இருக்கும். வங்கியில் காசு எடுக்கும் பெட்டியல்ல. சாமான், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஏற்றி, வாகனத்திலிருந்து கழற்றி நிற்பாட்டிய நிலையில் அந்த ட்ரெயிலர் அதிகபட்சம் எவ்வளவு நிறை இருக்கலாம் என்பதே அந்த எண். வெறும் ட்ரெயிலரின் நிறையை அதிலிருந்து கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சாமானின் நிறை. விற்பனை நிலையங்களில் இந்தக் கழித்தலை எவரும் உங்களுக்காகச் செய்து காட்டுவதில்லை.

மருமகன் மனம் வைத்திருந்தது முன்பக்கமாகத் திறக்கும் ஒரு புதிய, இறக்குமதி செய்யப்பட்ட ட்ரெயிலர். விலை 27,990 டொலர். வெறும் நிறை 1,560 கிலோ, ஏ.ரி.எம். 2,000 கிலோ. ஆக, 440 கிலோ ஏற்றலாம். கேட்பதற்குப் பெரிய தொகைபோலத் தெரிகிறது. நான் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டி 160 லீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிலோ, ஆக 160. நிரம்பிய எரிவாயு உருளைகள் இரண்டு 35. பக்கப் பந்தலும் கம்புகளும் 40. குளிர்சாதனப் பெட்டியும் உணவும் 60. ஐந்து பேரின் படுக்கை விரிப்புகள் 40. ஜாக்கி, மண்வெட்டி, ஆயுதங்கள் 40. கதிரைகள், மேசை 30. உடுப்புகள் 50. கூட்டினால் 455. பிள்ளைகளின் சைக்கிள்கள் இன்னும் ஏறவில்லை. அதற்குள் 15 கிலோ கூடிவிட்டது.

அத்துடன் முடியவில்லை. ட்ரெயிலரின் முன்பகுதி வாகனத்தின் கொளுக்குண்டின் மேல் அழுத்தும் பாரம் ஒன்று உண்டு. அது ட்ரெயிலரின் மொத்த நிறையில் சுமார் 10 சதவீதம் இருப்பது நல்லது என்பது இங்குள்ள பொதுவான கணக்கு. அந்தப் பாரம் மிகக் குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். வேகமாகச் செல்லும்போது அந்த ஆட்டம் முழு வாகனத்தையும் வீதியை விட்டுத் தூக்கி எறிந்துவிடும். கூடினால் வாகனத்தின் பின்புறம் அமிழ்ந்து முன்சில்லுகளின் பிடி தளரும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்கேற்ப, தண்ணீர் முடிய முடிய இந்தப் பாரமும் மாறும்.

பலர் மறந்துவிடும் விடயம், அந்தப் பாரம் வாகனம் சுமக்கும் நிறையுடன் சேரும் என்பது. மருமகனின் வாகனம் 2,500 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. "பிறகென்ன மாமா, தாராளம்தானே" என்றார் அவர். ஆனால் அதே கையேட்டின் இன்னொரு பக்கத்தில், வாகனம் தன் உடலில் சுமக்கக்கூடிய மொத்த நிறை 2,990 கிலோ என்றிருக்கிறது. எண்ணெய் நிரப்பிய வெறும் வாகனம் 2,330. மிச்சம் 660. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 340. முன்னால் பூட்டிய இரும்புக் காப்பு, கொளுக்கி, இரண்டாவது பற்றரி 110. பின்னால் வைக்கும் கருவிகளும் பிள்ளைகளின் பைகளும் 70. ட்ரெயிலரின் முன்பாரம் 200. கூட்டுத்தொகை 720. அறுபது கிலோ அதிகம்! இழுக்க வலு இருக்கிறது, சுமக்க வலு இல்லை. அதிக பாரத்துடன் சென்று விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கை சிக்கலாகும் என்பதையும், வீதியில் மறித்து நிறுத்துப் பார்த்தால் தண்டம் கட்ட வேண்டும் என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை.

மருமகன் அந்தத் தாளைக் கையில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். "அப்ப ஒரு ஆளை இறக்கிவிட வேண்டும் போல" என்றார் சிரித்தபடி. "என்னை இறக்கிவிட்டாலும் உமக்குக் கணக்குச் சரிவராது, தம்பி" என்றேன்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வரி. இந்த நாட்டில் பாரமேற்றிய நிலையில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுகளிலும் பிரேக் இருப்பதோடு, ட்ரெயிலர் கழன்று ஓடினால் தானாகவே பிரேக் பிடிக்கும் பொறியும் வேண்டும். மின்சாரப் பிரேக் உள்ள ட்ரெயிலர் என்றால், அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைச் சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் பொருத்த வேண்டும். அந்தச் செலவு ட்ரெயிலரின் விலையில் அடங்காது.

புதியதை விட்டுப் பழையதைத் தேடத் தொடங்கினோம். ஆறு சனிக்கிழமைகள். மெல்பேர்னின் வடக்கே கரவன் தொழிற்சாலைகள் நிறைந்த கம்பெல்ஃபீல்ட் தொடங்கி, பலருடைய வீட்டுப் பின்வளவுகள் வரை ஏறி இறங்கினோம். ஒரு நிருபன் தீப்பற்றிய கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல நான் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிப் பார்த்தேன். பார்த்துப் பழகியதை இங்கே தருகிறேன். எவருக்காவது பயன்படலாம்.

முதலில் குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த சட்டம் மங்கிய வெள்ளிநிறமாக இருக்கும், துரு எளிதில் பிடிக்காது. கறுப்பு வர்ணம் அடித்தது பார்வைக்குப் பளபளப்பு. ஆனால் கல் பட்டு வர்ணம் உதிர்ந்த இடத்தில் துரு வேலையைத் தொடங்கிவிடும். புதிதாக அடித்த கறுப்பு வர்ணம் என்றால் எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். சட்டமும் இழுகோலும் சேரும் இடங்களில் ஒட்டு சீராக ஓடியிருக்கிறதா, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று கைவிளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். செம்மண் பாதைகள் தகரக் கூரையைப் போல அலையலையாக இருக்கும். மணிக்கணக்கில் அந்த அதிர்வில் ஓடும்போது பலவீனமான ஒட்டுத்தான் முதலில் விடும்.

சில்லுகளைத் தாங்கும் வில்லுகள் இரண்டு வகை. தகட்டு வில்லு பழைய முறை, உள்ளூர்க் கராஜ் எதிலும் திருத்தலாம். ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே சுருள்வில்லு பூட்டியது பெட்டியைக் குலுக்காமல் கொண்டுபோகும், விலையும் பாரமும் கூட. தகட்டு வில்லு என்பதற்காக எதையும் தள்ளிவிடத் தேவையில்லை என்பது நாங்கள் கேட்டறிந்த மெக்கானிக்கின் கருத்து. ரயரின் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓடினால் பாதி அதிர்வு அங்கேயே போய்விடும் என்றார் அவர். ட்ரெயிலரின் சில்லும் வாகனத்தின் சில்லும் ஒரே அளவாக, ஒரே ஆணி அமைப்பாக இருந்தால் இரண்டு மேலதிகச் சில்லுகளையும் மாறி மாறிப் பயன்படுத்தலாம் என்பது அவர் சொன்ன இன்னொரு நல்ல விடயம். கொளுக்கியும் கவனிக்க வேண்டியது. வழக்கமான 50 மில்லிமீற்றர் குண்டு தார் வீதிக்குப் போதும். மேடு பள்ளத்தில் எல்லாப் பக்கமும் திரும்பவும் புரளவும் கூடிய கொளுக்கி இருந்தால்தான் கரடான பாதைக்குப் பொருந்தும்.

ரயரைப் பார்க்கும்போது பூவை மட்டும் பாராதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பூத் தேயாமலே வயதாகி வெடிக்கும் ரயர்கள் ட்ரெயிலர்களில்தான் அதிகம், ஏனெனில் அவை வருடத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கின்றன.

துணியை மூக்கால் சோதியுங்கள். பூஞ்சண மணம் வந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. 2004 இல் சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கூடாரங்களுக்குள் இருந்து செய்தி எழுதியவன் என்பதால், பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் மதிய வெயில் எப்படி அவிக்கும் என்பதை அறிவேன். பருத்தி கலந்த தடித்த கன்வஸ் துணி காற்றை உள்ளே வரவிடும். புதிய கன்வஸை முதலில் நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். அப்போதுதான் நூல் ஊதித் தையல் துளைகள் அடைபடும். அதைச் செய்யாமல் முதல் மழையில் ஒழுகுகிறது என்று முறைப்பாடு செய்பவர்கள் உண்டு.

சட்டப் பாதுகாப்பையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. 2021 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதி வாகனத் தரநிலைச் சட்டத்தின்படி, புதிய ட்ரெயிலர்கள் அங்கீகரிக்கப்பட்ட வாகனங்களின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அடையாள இலக்கத்தைக் கொடுத்து யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். 2022 இல் அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு புதிய கரவன் விற்பனை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் கருத்துக்கணிப்பில் பதிலளித்தவர்களில் 80 சதவீதமானோர் தங்கள் கரவனில் ஏதோ ஒரு குறையைக் கண்டதாகத் தெரிவித்திருந்தார்கள். குறை கண்டவர்களே பதிலளிக்க முன்வருவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனாலும் புதியது என்றால் குறையற்றது என்ற எண்ணத்தை அது அசைத்துவிடுகிறது. கடையில் வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்கள் உண்டு. தனியாரிடம் பழையதை வாங்கும்போது அவற்றில் பெரும்பாலானவை கிடையாது. அதற்கு ஈடாக விலை குறைகிறது, எங்கள் விழிப்புத்தான் கூட வேண்டும். அந்தப் பெட்டியின் மேல் யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்பதை, தனிநபர் சொத்துப் பிணைகளுக்கான அரசாங்கப் பதிவேட்டில் இரண்டு டொலர் செலவில் தேடிப் பார்க்கலாம். இரண்டு டொலரை மிச்சம் பிடித்துப் பெட்டியையே கடன்காரரிடம் பறிகொடுத்தவர்கள் உண்டு.

ஆறாவது சனிக்கிழமை, ஒரு முதிய தம்பதியினரின் வீட்டில், விக்ரோரியாவிலேயே செய்யப்பட்ட எட்டு வருடப் பழைய வன்தரை ட்ரெயிலர் ஒன்றைக் கண்டோம். பின்பக்கமாகத் திறப்பது. நாகம் தோய்த்த சட்டம், தகட்டு வில்லு, மின்சாரப் பிரேக். வெறும் நிறை 1,080 கிலோ, ஏ.ரி.எம். 1,500. தண்ணீர்த் தொட்டி 80 லீற்றர் மாத்திரம். நான் அங்கேயே தாளை எடுத்தேன். முன்னைய பட்டியலில் தண்ணீரில் எண்பது குறைய, 375 கிலோ. ஏற்றக்கூடியது 420. முன்பாரம் 120 அளவில் என்றார்கள். வாகனத்தின் கணக்கு 640 இல் நின்றது, எல்லை 660. இரண்டு பக்கமும் உள்ளே வந்துவிட்டது.

மருமகன் விரித்துக் காட்டும்படி கேட்டார். அந்த முதியவர் கைப்பிடியைச் சுழற்ற முற்பட்டபோது மகள் முன்னுக்கு வந்தாள். "நான் செய்து பார்க்கலாமா?" என்றாள். வழமையாக விற்பவர் விரிப்பார், வாங்குபவர் கைகட்டி நிற்பார். இங்கே அவள் தனியாகக் கொக்கிகளைக் கழற்றி, கைப்பிடியைச் சுழற்றி, மூடியைப் பின்னால் சாய்த்துத் தரையாக்கி, உள்ளே சென்று கம்பிகளை நிமிர்த்தினாள். வாசலின் சிப்பை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். சிறிது நேரம் உள்ளேயே இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பேத்தி மட்டும் "அம்மா என்ன செய்யிறா, அம்மப்பா?" என்று கேட்டாள். "வீடு பார்க்கிறா" என்றேன்.

பிறகு வெளியே வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, எவருடைய உதவியும் இன்றி மடித்துக் கட்டினாள். பதினொரு நிமிடம். "பழகினால் எட்டு நிமிடத்தில் செய்வேன்" என்றாள் கணவனைப் பார்த்து. பேரம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

விலை 14,000 டொலர். மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்வையிட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். அவர் சொன்னபடி மூன்று ரயர்கள், சில்லுகளின் பெயரிங்குகள், வாகனத்துக்குப் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி, பழைய ஈயப் பற்றரிக்குப் பதிலாக ஒரு லிதியம் பற்றரி ஆகியவற்றை மாற்றினோம். நூறு அம்பியர் மணி ஈயப் பற்றரி முப்பது கிலோ அளவில் இருக்கும். அதன் கொள்ளளவில் பாதியைத்தான் சேதமின்றிப் பயன்படுத்தலாம். அதே அளவு லிதியம் பற்றரி பன்னிரண்டு பதின்மூன்று கிலோதான், பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். பதிவு மாற்றமும் காப்புறுதியும் சேர்த்து எல்லாமாகப் பதினாறாயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. கடன் வாங்கவில்லை. வட்டிக்குப் போயிருக்கக்கூடிய பணம் எரிபொருளுக்குப் போகும்.

வாங்கிய மறுநாளே பாலைவனத்துக்கு ஓடக்கூடாது என்பது நான் விதித்த ஒரே நிபந்தனை. முதல் இரவு வீட்டின் பின்வளவில் கழிந்தது. மகளும் பிள்ளைகளும் உள்ளே படுத்தார்கள், எனக்கு ஓரத்தில் ஒரு மடிப்புக் கட்டில். நள்ளிரவில் மழை தூறியது. கன்வஸ் கூரையில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் விழித்துக்கொண்டேன். மகளும் விழித்திருந்தாள். கையை நீட்டித் துணியைத் தடவிப் பார்த்தாள், பிறகு தரையைத் தடவிப் பார்த்தாள். "ஒழுகேல்லை, அப்பா" என்றாள் மெதுவாக. சற்றைக்கெல்லாம் அவளுடைய குறட்டை கேட்டது.

அடுத்த வாரம் சகல சாமான்களையும் ஏற்றிப் பொது எடைமேடைக்குக் கொண்டுபோனோம். ட்ரெயிலர் 1,470 கிலோ. முன்பாரம் 125. வாகனம் எல்லைக்குப் பதினைந்து கிலோ உள்ளே. எடைச்சீட்டை மருமகன் வாகனத்தின் கையேட்டுக்குள் வைத்திருக்கிறார். இனி எந்தச் சாமானை ஏற்றுவதானாலும் எதை இறக்குவது என்ற கேள்வி முதலில் வரும். பேரனின் சைக்கிள் வீட்டிலேயே நிற்கிறது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்கும் கணக்கைக் காட்டினேன், விளங்கிக்கொண்டான்.

செப்டெம்பருக்கு முன் ஒரு வார இறுதியில் கிரம்பியன்ஸ் மலைப்பக்கம் போய் வருவதாகத் திட்டம். அங்கே மண் பாதையில் ஐம்பது கிலோமீற்றர் ஓடிப்பார்த்து, தளர்ந்த ஆணிகளை இறுக்கி, தூசு உள்ளே எங்கே புகுகிறது என்று கண்டு அடைத்த பிறகுதான் வடக்கே பயணம். எங்கே தங்குவது, எப்போது வெளிக்கிடுவது என்ற பட்டியலை இம்முறை மகள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.